ஆன்டிவைரஸ் எதை வாங்குவது? வாலாஜாபேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

வாலாஜாபேட்டையில் வரி ஆலோசகர் அலுவலகம் நடத்துகிறீர்கள். அலுவலகத்தில் ஐந்து கணினிகள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒரு மடிக்கணினி. பழைய ஆன்டிவைரஸின் உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆறு கணினிகளுக்கும் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு உரிமம் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். விண்டோஸுடன் வருவதே போதும், பணத்தை வீணாக்காதே என்கிறார் உங்கள் மைத்துனர். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "நூறு பேருக்கு மேல் என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அது போய்விட்டால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்தப் பெட்டியை வாங்குவது என்பது அதில் ஒரு சிறு பகுதி.

இருபத்து மூன்று ஆண்டுகளாக வேலூரில் கணினி பழுதுபார்ப்பதும் சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகள், நோயாளிகளின் உறவினர்கள் தங்கும் விடுதிகள், மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல்பொருள் கூடங்கள், உங்களைப் போன்ற கணக்கு அலுவலகங்கள் என்று எல்லா இடத்துக் கணினிகளையும் திறந்து பார்த்திருக்கிறேன். முன்பு ஆன்டிவைரஸ் உரிமங்களும் விற்றேன், இப்போது விற்பதில்லை. ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. உங்கள் கணினிகளை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவே எழுதுகிறேன். என் அனுபவத்தின் அளவில் மட்டும் சொல்வதை அப்படியே குறிப்பிடுகிறேன்.

வீட்டு மடிக்கணினியைப் பொறுத்தவரை உங்கள் மைத்துனர் சொல்வது சரி. அலுவலகத்துக்குக் கடைக்காரர் சொல்வது பாதி சரி. காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் அவர் சொன்ன பெயரைப் பார்த்தால் அது வீட்டு உபயோகத்துக்கான பதிப்பு. அலுவலகங்களுக்கென்று வரும் பதிப்பை, ஓராண்டுக்கு மட்டும் வாங்குங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஆன்டிவைரஸை விட்டுவிட்டு ஹார்டு டிஸ்கை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. 2009இல் மைக்ரோசாஃப்ட் அதைச் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தனியாக வெளியிட்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அது இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்தது. அந்த ஆண்டுகளின் சோதனைகளில் அது கடைசி வரிசையில்தான் நின்றது. அதை நம்பாதீர்கள் என்று நானே பலரிடம் சொன்னேன்; அன்றைக்கு அது சரியான அறிவுரை. இன்றைய நிலை வேறு. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஏ.வி. கம்பாரட்டிவ்ஸ் என்று இரண்டு சோதனை நிறுவனங்கள் இருக்கின்றன. ஏ.வி. டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், நல்ல மென்பொருளை வைரஸ் என்று தவறாகப் பிடிக்காமல் இருப்பது என்ற மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. கடந்த சில ஆண்டுகளாக டிஃபெண்டர் அதில் பணம் வாங்கும் கம்பெனிகளுக்கு இணையான மதிப்பெண் பெறுகிறது. முடிவுகளை யார் வேண்டுமானாலும் அவர்கள் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கடைக்காரர் காட்டும் விளம்பரத் தாளைவிட அதைப் பாருங்கள். ஆனால் வைரஸ்களில் 99.4 சதவீதத்தைப் பிடித்தது மோசம், 99.8 சதவீதத்தைப் பிடித்தது நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த சோதனையில் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் இருப்பது அதே சோதனைகளில் தெரிகிறது. இணையத் தொடர்பு இல்லாதபோது அது பிடிக்கும் அளவு மற்ற பலவற்றைவிடக் குறைகிறது. சந்தேகமான கோப்பைப் பற்றித் தன் தலைமையகக் கணினியிடம் கேட்டு முடிவெடுப்பது அதன் வழக்கம். எப்போதும் இணையத்தில் இருக்கும் உங்கள் மகளின் மடிக்கணினிக்கு இது பெரிய குறை ஆகாது. இணையமே இல்லாமல் பென் டிரைவை மட்டும் வாங்கி அச்சடித்துக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைக்கு இது பெரிய குறை. அப்படிப்பட்ட கடைகளுக்கு இன்றும் நான் வேறொன்றை வாங்கச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போதுமானது அலுவலகத்துக்கு ஏன் போதாது? அலுவலகத்தில் கணினியின் முன் உட்காருபவர் நீங்கள் இல்லை. உங்கள் உதவியாளர் ஒருவர் ஏதோ ஒரு மென்பொருள் ஓடவில்லை என்று பாதுகாப்பை அணைத்துவிட்டு, மறுபடி போட மறந்துவிடுவார். உங்களுக்கு அது ஆறு மாதம் தெரியாது. அலுவலகப் பதிப்புகளில் எல்லாக் கணினிகளின் நிலையும் ஒரே திரையில் தெரியும். எதில் அப்டேட் நின்றுவிட்டது, எதில் யார் அணைத்தார்கள், எந்தக் கணினியில் எந்தப் பென் டிரைவ் செருகப்பட்டது என்று உங்கள் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் அதை நீக்க முடியாதபடி பூட்டலாம். நீங்கள் கொடுக்கும் பணம் இந்தத் திரைக்கும் இந்தப் பூட்டுக்கும்தான். வைரஸைக் கூடுதலாகப் பிடிக்கும் திறனுக்கு என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். இன்னொரு விஷயம்: அவாஸ்ட், ஏ.வி.ஜி. போன்றவற்றின் இலவசப் பதிப்புகள் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே என்று அவற்றின் உரிம நிபந்தனையிலேயே இருக்கிறது. தொழில் செய்யும் இடத்தில் அதைப் போட்டால் விதியை மீறியவர் ஆகிறீர்கள். டிஃபெண்டருக்கு அந்தத் தடை கிடையாது.

இனி, ஹார்டு டிஸ்கை ஏன் முதலில் வைத்தேன் என்பதைச் சொல்கிறேன். 2019இல், ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, காலணி மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஒரு கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் டாலி கணக்கு மென்பொருள் ஓடும் சர்வர் உட்பட நான்கு கணினிகளிலும் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறியிருந்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் இருந்தது. கணக்கு எழுதும் பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தம்பி, ஆன்டிவைரஸுக்குப் போன மாதம்தானே பணம் கட்டிப் புதுப்பித்தோம்?" என்று கேட்டார். உண்மைதான். பெயர் பெற்ற கம்பெனியின் உரிமம், நாள் தேதி எல்லாம் சரி. ஆனால் ஆன்டிவைரஸே அந்தக் கணினிகளில் இல்லை.

சர்வரில் பதிவாகியிருந்த நடவடிக்கைக் குறிப்புகளைத் தோண்டியபோது நடந்தது புரிந்தது. பெரியவர் வீட்டிலிருந்து டாலியில் வேலை செய்வதற்காக யாரோ சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதியை, இணையத்தில் நேராகத் திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு, கூடத்தின் பெயரும் 123ம். அப்படித் திறந்து கிடக்கும் கதவுகளைத் தேடி, பாஸ்வேர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் இணையத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்று பொருந்தியிருக்கிறது. உள்ளே வந்தவன் முதலில் செய்த வேலை, கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஆன்டிவைரஸை முறையாக நீக்கியது. நிர்வாகி உரிமையோடு வந்தவனை அது எப்படித் தடுக்கும்? அதன் பார்வையில் அவன்தான் உரிமையாளர். அதன்பிறகு நிதானமாக எல்லாவற்றையும் பூட்டினான். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகப்பட்டிருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

மார்ச் இறுதியில் ஆடிட்டருக்குக் கொடுத்த டாலி நகல் ஒன்று அவருடைய அலுவலகத்தில் இருந்தது. அதுதான் அந்தக் கூடத்தைக் காப்பாற்றியது. அதற்குப் பிந்தைய ஐந்து மாதக் கணக்கைக் காகித பில்களிலிருந்தும், ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த விவரங்களிலிருந்தும் மறுபடி ஏற்றினார்கள். இரண்டு பேர் இருபது நாள்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். பெரியவர் அந்த நாள்களில் மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே பேக்கப் பற்றிச் சற்று நீட்டியே சொல்கிறேன். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இந்த வாரம் சிவப்பு, அடுத்த வாரம் பச்சை. நகல் எடுத்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். மின்சாரமும் கேபிளும் இல்லாத டிஸ்கை எந்த வைரஸாலும் தொட முடியாது. ஒன்று எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். தீ, திருட்டு, மழைநீர் எதுவானாலும் இரண்டும் ஒரே நேரத்தில் போகாது. மூன்றாவது நகலாக ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை கணினியில் நடப்பதை அப்படியே பின்பற்றுபவை. இங்கே கோப்பு பூட்டப்பட்டால் அங்கேயும் பூட்டப்பட்டதுதான் போய்ச் சேரும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவை முந்தைய 30 நாள்களுக்குள் ஏதாவது ஒரு நாளின் நிலைக்குத் திருப்ப முடியும். அந்தக் கெடுவுக்குள் கவனித்தால்தான் பயன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடுத்து வைத்த டாலி நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஆண்டுக் கணக்கில் பேக்கப் எடுத்தவர்கள் தேவைப்பட்ட நாளில் திறந்தால் வெற்று ஃபோல்டர் இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் அலுவலகத்தில் இணையத்தை நோக்கித் திறந்திருக்கிறதா என்பதை நாளையே பாருங்கள். ரூட்டரில் அது பயன்படுத்தும் 3389 என்ற எண்ணுள்ள போர்ட் (இணைப்பு வாசல்) எங்காவது வெளியே திறந்துவிடப்பட்டிருந்தால் உடனே மூடச் சொல்லுங்கள். வேறு எண்ணுக்கு மாற்றி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எண்ணை மாற்றினாலும் தேடுபவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தாக வேண்டுமென்றால் வி.பி.என். எனப்படும் பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது அப்டேட். 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் உலகைச் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், 150 நாடுகள். பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் அதில் சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டுவிட்டது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. உங்கள் கணினிகளில் இரண்டு பழைய விண்டோஸ் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கு அதுவும் 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே. ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பழைய விண்டோஸிலும் எங்கள் பொருள் ஓடும் என்று விற்பார்கள். ஓடும்தான். ஆனால் சுவரில் விழுந்த ஓட்டையை வாசலில் நிற்கும் காவலாளி அடைக்க மாட்டார். அந்த இரண்டும் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று சோதியுங்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினி என்றால் ஏற்காது. அப்போது வாடிக்கையாளர் கணக்கை அதில் வைக்காதீர்கள். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிய கணினிக்குக் கொடுங்கள்.

கேட்கத் தயக்கமாக இருந்தாலும் கேட்கிறேன்: ஐந்திலும் இருப்பது பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ்தானா? நம் ஊரில் அசெம்பிள் செய்து வாங்கும் கணினிகளில் பணம் கட்டாத விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் காட்டும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுப்பது சாதாரணம். அதைப் போடுபவர் முதலில் டிஃபெண்டரை அணைப்பார். பிறகு அந்த நிரலைத் தொடாதே என்று விலக்குப் பட்டியலில் சேர்ப்பார். அந்த ஓட்டையோடுதான் கணினி உங்கள் மேசைக்கு வருகிறது. வீட்டு உபயோகிப்பாளர்களை அதிகம் தாக்கிய ஸ்டாப் எனப்படும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) குடும்பம் பரவியது பெரும்பாலும் இப்படிப்பட்ட திருட்டு மென்பொருள்கள் வழியாகத்தான். மாணவர்கள் விஷயத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. படிப்புக்குத் தேவையான விலை உயர்ந்த வடிவமைப்பு மென்பொருளை எங்கிருந்தோ இறக்குகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு மாணவர் உரிமம் இலவசமாகவே கிடைக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மகளிடம் திட்டாமல் கேட்டுப் பாருங்கள். அவருடைய மடிக்கணினியில் அன்றாடம் புழங்கும் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத கணக்காக மாற்றிவிட்டால், எதையாவது நிறுவும்போது தனியாகப் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஒரு நொடித் தயக்கம் பல விபத்துகளைத் தடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அலுவலகத்திலும் இதையே செய்யுங்கள்.

பென் டிரைவ் தொல்லை குறைந்திருக்கிறது; ஒழியவில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் டிரைவில் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட் ஆக மாறியிருந்தால் எதையும் கிளிக் செய்யாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். அசல் கோப்புகள் பெரும்பாலும் அதே டிரைவில்தான் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. அலுவலகப் பதிப்பு வாங்கினால் ஒரே ஒரு கணினியில் மட்டும் பென் டிரைவ் வேலை செய்யும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளின் வகைப்பெயர் தெரியும்படி விண்டோஸில் அமைப்பதும் நல்லது. பி.டி.எஃப். போலத் தோன்றுவதன் வாலில் நிரலைக் குறிக்கும் இ.எக்ஸ்.இ. ஒட்டிக்கொண்டிருப்பது அப்போது கண்ணில் படும். ஜூலை மாதத்தில் வருமான வரி நோட்டீஸ் என்று வரும் மின்னஞ்சல் இணைப்புகளில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அதாவது கையொப்பத்தை வைத்திருக்கும் பென் டிரைவ் போன்ற கருவி. அரசுத் தளங்களில் கையொப்பமிட உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு சிறு நிரல் தேவைப்படுகிறது. சில ஆன்டிவைரஸ்கள் அதை மறிக்கின்றன. கடைசித் தேதி இரவில் கையொப்பம் விழவில்லை என்றால் யார்தான் பொறுமையாக இருப்பார்கள்? முழுப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டுக் கையொப்பம் போட்டு, அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நிரலை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். டி டிரைவ் முழுவதையும் விலக்கி வைத்திருந்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுடைய பட்டியலை இன்று திறந்து பாருங்கள். இன்னொன்று, வாடிக்கையாளர்களின் டோக்கன்களைக் கணினியில் செருகியபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

எந்த ஆன்டிவைரஸாலும் முடியாத ஒன்றும் உண்டு. உங்கள் வாடிக்கையாளர்களில் தோல் ஏற்றுமதியாளர்கள் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வெளிநாட்டு வியாபாரியின் முகவரியைப் போலவே, ஒரே ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள் என்று கடிதம் வரும். அதில் வைரஸ் கிடையாது, வெறும் எழுத்துதான். ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்வதைத் தவிர வேறு காப்பு இல்லை. உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள் என்று திரையை மறைத்துக்கொண்டு வரும் அறிவிப்பும் இதே வகை ஏமாற்று. பணம் போய்விட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

எந்தக் கம்பெனி என்று கடைசியாக வருகிறேன். சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல், அதன் அலுவலகப் பிரிவான செக்ரைட், ஸ்லோவாக்கியாவின் இசெட், ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் அலுவலகப் பதிப்பு உண்டு. மைக்ரோசாஃப்டும் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்று ஒன்றை விற்கிறது. ஐந்து கணினி அலுவலகத்துக்கு இவற்றில் எதுவும் தவறான தேர்வாகாது. இனி சொல்வது என் கருத்து மட்டுமே. எல்லாமே சோதனை உரிமம் தருகின்றன. உங்கள் பழைய கணினியில் முப்பது நாள் போட்டு, டாலி, டோக்கன், பிரிண்டர் மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு பிரச்சினை என்று உதவி எண்ணை அழைத்து, எத்தனை நேரத்தில் எடுக்கிறார்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறார்களா என்று சோதியுங்கள். கேஸ்பர்ஸ்கி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கா 2024இல் அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. இங்கே அது கடைகளில் கிடைக்கிறது. பிடிக்கும் திறனிலும் குறை சொல்ல முடியாது. மற்றவர்களின் கணக்கை வைத்திருக்கும் நீங்கள் அரசாங்கங்களின் சண்டைக்கு நடுவே ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் என் தயக்கம். இலவசம் என்பதற்கும் வேறு விலை இருக்கலாம். அவாஸ்ட் தன் பயனாளர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றதற்காக, 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் செய்தது.

இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே கணினியில் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் விண்டோஸின் அடியாழத்தில் ஒரே கோப்பைப் பிடித்துக்கொண்டு இழுபறி செய்யலாம், கணினி உறைந்துவிடலாம். அந்த ஆழத்தில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரே ஓர் அப்டேட்டால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. உலகமெங்கும் விமானங்கள் தாமதமாயின. பாதுகாப்பு மென்பொருளும் பழுதாகலாம். கழற்றி வைத்த டிஸ்க் அன்றைக்கும் உதவும்.

உங்கள் வரவேற்பறைக் கணினி மந்தமாகிவிட்டது, வைரஸாக இருக்குமோ என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாக இல்லை. வேலூர், ராணிப்பேட்டை வெயிலில் கத்திரி மாதம் என்னிடம் வரும் மந்தமான கணினிகளில் பாதிக்கு மேல் குளிர்விக்கும் விசிறியில் தூசி அடைத்தவை, அல்லது பழைய ஹார்டு டிஸ்க் தேய்ந்தவை. தூசியைத் தட்டி, பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான ஓர் எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். இன்றைய வைரஸ்களில் பெரும்பாலானவை கணினியை மந்தமாக்கித் தங்களைக் காட்டிக்கொள்வதில்லை.

மாற்றும் நாளில் பழைய ஆன்டிவைரஸை முதலில் முழுமையாக நீக்குங்கள். அந்தக் கம்பெனியே தன் தளத்தில் நீக்கும் கருவி ஒன்றை வைத்திருக்கும். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, டிஃபெண்டர் தானாக உயிர்பெற்றதா என்று பார்த்துவிட்டுப் பிறகு புதியதை நிறுவுங்கள். வீட்டு மடிக்கணினியில் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். கடைக்காரரிடம் வாங்குவதில் தவறில்லை. நாளைக்கு ஒரு பழுது என்றால் வருகிறவர் அவர்தான். ஆனால் உரிமத்தை உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைப்பேசி எண்ணிலும் பதிவு செய்யச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரரின் எண்ணில் பதிவாகியிருந்த உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல், அவர் கடையை மூடிவிட்டு ஊர் மாறிப் போன பிறகு மூன்று அலுவலகங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. தானாகப் பணம் பிடிக்கும் வசதியையும் அணைத்து வையுங்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடி விலைக்கும் இரண்டாம் ஆண்டு பிடிக்கும் விலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதுண்டு.